விருந்துத் தட்டைக் கண்டு ஏன் பயம்?



தீபாவளி முடிந்த கையோடு உறவினர் வீட்டு அழைப்புகள் வரத் தொடங்கும். உலு யாமிலிருந்து புறப்பட்டு பத்தாங் காலி, ராசா, கெர்லிங் என்று ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் நான்கு வீட்டிலாவது கை நனைத்திருப்போம். நோன்புப் பெருநாள் வந்தால் மலாய் நண்பர் வீட்டில் லெமாங், ரெண்டாங். சீனப் பெருநாள் என்றால் ஆரஞ்சுப் பழமும் டின் பானமும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வரிசையாக உட்காரவைத்து அன்னதானம். போதாததற்கு உலு யாம் என்றாலே லோ மீ என்று வெளியூர்க்காரர்களும் தேடி வந்து சாப்பிடும் ஊர் இது.

இப்படிப்பட்ட அழைப்பு வந்ததும் மகிழாமல் மனத்துக்குள் நடுங்குகிற மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 'அதிரசம் எண்ணெயில் பொரித்ததாயிற்றே', 'ஒரு லட்டு சாப்பிட்டால் இனிப்புநீர் வந்துவிடுமோ', 'அதிகமாக எடுத்தால் சிரிப்பார்கள், எடுக்காவிட்டால் கோபிப்பார்கள்' என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் சிலர் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, அறிவியல் அதைப் பற்றி என்ன சொல்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்று இந்த வாரம் பார்ப்போம்.

பயத்துக்குக் காரணம் உண்டு

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோடு அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். இந்தியர்களிடையே நீரிழிவு தேசிய சராசரியைவிட அதிகம். உங்கள் வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டி இருக்கலாம். காலில் புண் ஆறாமல் சிரமப்பட்ட தாத்தாவைப் பார்த்திருப்பீர்கள்.

அதனால் உணவில் கவனம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஆனால், அந்தக் கவனத்தை எங்கே செலுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆண்டில் சில நாள்கள் வரும் விருந்தைக் கண்டு பயந்துவிட்டு, அன்றாடம் கெந்தினில் வாங்கும் இனிப்புப் பானத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உடல் எப்படிக் கணக்கு வைக்கிறது?

நீங்கள் ஒரு லட்டு சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள மாவுச்சத்தும் சீனியும் செரித்து, குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளும் கல்லீரலும் அந்தக் குளுக்கோஸை வாங்கிக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் இருக்க முடியும். நலமான ஒருவருக்குச் சாப்பிட்டதும் ஏறிய இரத்தச் சர்க்கரை, இரண்டு மணி நேரத்தில் லிட்டருக்கு 7.8 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உங்கள் உடலுக்கு இது புதிய வேலை அல்ல. நீங்கள் பிறந்த நாள் முதல் ஒவ்வொரு வேளையும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் எடுக்கும் ஒரு சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அதன் பெயர் எச்பிஏ1சி. சிவப்பணுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. ஆகவே, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை தெரிந்துவிடும். நேற்று இரவு எந்த வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அந்தச் சோதனையால் தனியாகச் சொல்ல முடியாது. இத்தனை மாதமாக உங்கள் வழக்கம் எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு 21 வேளை உணவு. அதில் ஒரு வேளை விருந்து என்றால் மீதி 20 வேளை இருக்கிறது. இப்போது இன்னொரு கணக்கு. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி உள்ள பானம் ஒன்றை நாளுக்கு ஒரு டின் குடிக்கிறீர்கள். டின்னின் அளவு 320 மில்லிலிட்டர். ஒரு நாளுக்கு 32 கிராம். ஒரு வாரத்துக்கு 224 கிராம். உடலை மெல்ல மெல்ல மாற்றுவது இந்த இரண்டாவது கணக்குதான். நம் அரசாங்கமும் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது; பிறகு அதை உயர்த்தவும் செய்தது. வரி விழுந்தது அன்றாடம் குடிக்கும் பானத்தின் மேல்தான், தீபாவளிப் பலகாரத்தின் மேல் அல்ல.

பயம் வயிற்றுக்குள் செய்யும் வேலை

பயம் வந்ததும் மூளை ஆபத்து என்று முடிவு செய்கிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் கார்டிசோலையும் வெளியிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும். வாய் உலரும். குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகும். செரிமானம் மந்தமாகும். புலி துரத்தினால் ஓடுவதற்கு உதவும் ஏற்பாடு இது. முறுக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இதனால் ஒரு பயனும் இல்லை.

அந்த நேரத்தில் வயிறு கனக்கிறது, குமட்டுகிறது. 'பார், இந்த உணவு எனக்கு ஆகவில்லை' என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் உணவு செய்யாததைப் பயம் செய்திருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்ரினலினும் கார்டிசோலும் கல்லீரலிடம் சேமித்த குளுக்கோஸை வெளியே விடச் சொல்கின்றன. சர்க்கரை ஏறிவிடுமே என்று பயப்பட்டால், அந்தப் பயமே சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றப் பார்க்கிறது!

தடை போடப் போட ஆசை வளரும்

'இனி பலகாரத்தைத் தொடவே மாட்டேன்' என்று சபதம் செய்தால் பயம் போய்விடுமா? ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நலமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியே கொடுக்கப்பட்டது. உடல் மெலிந்ததோடு அது நிற்கவில்லை. அவர்கள் நாள் முழுதும் உணவையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். நண்பர்களோடு பேசிப் பழகுவதில் ஆர்வம் இழந்தார்கள். பட்டினி கிடக்கும் மூளை உணவை மறப்பதில்லை. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

1975இல் ஹெர்மன், மாக் என்ற இருவர் செய்த ஆய்வு இன்னும் நமக்குப் பக்கத்தில் வருகிறது. கல்லூரி மாணவிகளுக்கு முதலில் பால் பானம் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், பானம் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கடுமையாகக் கட்டுப்பாடு வைத்திருந்தவர்களோ, பானம் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 'முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு' என்று நம் ஊரில் சொல்வதுதான் இது. ஒரு லட்டு தப்பு என்று நினைத்தால், அந்த ஒன்றுக்குப் பிறகு ஐந்து லட்டு வருகிறது. ஒரு லட்டு வெறும் ஒரு லட்டு என்று நினைத்தால் அதோடு நிற்கிறது.

எல்லாரும் என் தட்டையா பார்க்கிறார்கள்?

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் மாணவர்களைச் சங்கடமான ஒரு டீ-சட்டையைப் போடச் சொன்னார்கள். பாடகர் பேரி மனிலோவின் படம் போட்ட சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டு மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் நுழைய வேண்டும். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். விருந்து வீட்டிலும் அப்படித்தான். நீங்கள் எத்தனை முறுக்கு எடுத்தீர்கள் என்று எண்ண யாருக்கும் நேரம் இல்லை. அவரவர் தட்டு அவரவருக்கு.

'என்ன, குண்டாயிட்டே?', 'எலும்பும் தோலுமா இருக்கியே' என்று சொல்லும் பெரியவர்களும் உண்டுதான். அவர்கள் அன்பாகச் சொல்வதாக நினைத்துச் சொல்கிறார்கள். அந்தச் சொல் வலிக்கிறது என்று வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள். நீங்களும் நண்பரின் உடலைப் பற்றியோ தட்டைப் பற்றியோ கேலி பேசாதீர்கள்.

விருந்துக்குப் போகும்போது

பட்டினி கிடந்து போகாதீர்கள். 'மாலையில் விருந்து, அதனால் காலையிலும் மதியமும் வேண்டாம்' என்றால் பசி முற்றி, தேவைக்கு மேல் சாப்பிடுவீர்கள். வழக்கம்போல் பசியாறிவிட்டுப் போங்கள்.

முதலில் மேசையை ஒரு சுற்றுப் பாருங்கள். கடையில் எப்போதும் கிடைப்பதை விட்டுவிட்டு, அந்த வீட்டுப் பாட்டி கைப்பட செய்ததை எடுங்கள். தாகத்துக்கு வெறும் தண்ணீர் கேளுங்கள்.

சோறு உள்ள விருந்தானால் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு செபாரு' முறையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ, கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்றவை, பாதி காய்கறியும் பழமும். எல்லா வீட்டிலும் இது சரியாக அமையாது. அமையாவிட்டால் அடுத்த வேளை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும்.

வற்புறுத்தினால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள். 'அத்தே, முறுக்கு ரொம்ப நல்லா இருக்கு. வயிறு நெறஞ்சிடுச்சு. ரெண்டு கட்டிக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்.' பாராட்டும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. அத்தைக்கும் மனம் குளிரும்.

மறுநாள் தண்டனை வேண்டாம். பட்டினி கிடப்பதோ, களைத்து விழும்வரை ஓடுவதோ தேவையில்லை. வழக்கமான உணவு, வழக்கமான விளையாட்டு போதும்.

நீரிழிவோ உணவு ஒவ்வாமையோ உள்ள மாணவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன முறையையே பின்பற்ற வேண்டும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

நல்ல உணவை மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் அளவு மீறி வாழ்க்கையையே சுருக்கிவிடும் நிலைக்கு 1997இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 'ஆர்த்தோரெக்சியா' என்று பெயர் வைத்தார். சரியானது, பசி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து அது வந்தது. அடிக்கடி வேளை தவறுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, எடை வேகமாகக் குறைவது, மாதவிடாய் நிற்பது, நண்பர்களை அடியோடு தவிர்ப்பது ஆகியவற்றில் ஏதாவது உங்களிடம் இருந்தால் தனியாகப் போராடாதீர்கள். பெற்றோரிடமோ பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவையையும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதில் வெட்கம் இல்லையே, இதிலும் இல்லை.

செய்து பாருங்கள்

அறிவியலில் ஒரு கருதுகோளை எழுதி, சோதித்து, முடிவைப் பதிவு செய்வோம். பயத்தையும் அப்படிச் சோதிக்கலாம். அடுத்த அழைப்பு வரும்போது ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், பயத்தின் அளவு 10க்கு எத்தனை, என்னோடு யார் வருவார்கள். முதலில் நெருங்கிய நண்பர் வீட்டுக்குப் போங்கள். பிறகு உறவினர் வீடு. கடைசியாகக் கூட்டம் நிறைந்த திருவிழா அன்னதானம். போய் வந்த பிறகும், மறுநாள் காலையிலும் பயத்தின் அளவை மீண்டும் எழுதுங்கள். நீங்கள் பயந்தது நடந்ததா என்றும் எழுதுங்கள். வீட்டிலேயே தங்கிவிட்டால் பயத்துக்கு உடனே நிம்மதி கிடைக்கும். ஆனால் அடுத்த முறை அது இன்னும் பெரிதாக வரும். போய்ப் பார்த்துப் பார்த்துத்தான் அது சிறிதாகும்.

மூன்று அழைப்புகளுக்குப் பிறகு அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எண்கள் இறங்கியிருந்தால் உங்கள் சோதனை வெற்றி. இறங்கவே இல்லையென்றால் அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு போய் ஆலோசக ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்களுக்கு உதவ அவருக்கு அவை பெரிதும் பயன்படும்.