கையில காசு இல்லாம நிலம் கைமாத்தலாமா? ஹோல்சேலிங் கணக்கு

உங்க இன்ஸ்டா ஃபீடில் இந்நேரம் ஒரு தடவையாவது வந்திருக்கும். பின்னாடி ஒரு விலை உயர்ந்த கார், முன்னாடி நம்ம வயசில் ஒரு அமெரிக்கப் பையன். சொந்தப் பணம் போடாம, லோன் வாங்காம, ஒரே ஒரு வீட்டு டீலில் பத்தாயிரம் டாலர் பார்த்ததா சொல்லுவான். கீழே கோர்ஸ் லிங்க். இப்போ அதையே தமிழில் பேசுற ரீல்களும் வருது. பிளேஸ்மெண்ட் சீசனில் ஆஃபர் கைக்கு வராம உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தியாவே நம்பத் தோணும்.

அவன் சொல்றது முழுப் பொய் இல்ல. ரியல் எஸ்டேட் ஹோல்சேலிங் அமெரிக்காவில் நிஜமாவே இருக்கிற தொழில். பெயரைப் பார்த்து மொத்த வியாபாரம்னு நினைக்காதீங்க. இதில் விற்கப்படுவது வீடே இல்ல, வீட்டை வாங்குவதற்கான ஒப்பந்தம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கூரை ஒழுகும் பழைய வீடு. உரிமையாளருக்கு வயசாயிடுச்சு, வரி பாக்கி இருக்கு, ரிப்பேர் பண்ணக் காசு இல்ல. ரிப்பேர் பண்ணி முடிச்சா அந்த வீடு 2,00,000 டாலருக்குப் போகும்னு வெச்சுக்கலாம். பழைய வீட்டை வாங்கி, சரிபண்ணி விற்கும் முதலீட்டாளர்களிடம் ஒரு தோராய விதி உண்டு. கடைசி விற்பனை விலையில் 70 சதவீதம், அதில் ரிப்பேர் செலவைக் கழி. அதுக்கு மேல ஒரு டாலர் கொடுக்க மாட்டாங்க. ரிப்பேர் 35,000 என்றால் 1,40,000-இல் அதைக் கழிச்சு 1,05,000. மீதி 30 சதவீதத்தில்தான் அவருடைய வட்டி, விற்பனைச் செலவு, லாபம் எல்லாம் அடங்கணும்.

ஹோல்சேலர் உரிமையாளரிடம் போய் 95,000-க்கு ஒப்பந்தம் போடுவார். வாங்குபவர் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரோடு ‘அல்லது இவர் ஒப்படைக்கும் நபர்’ என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். முன்பணம் சில சமயம் வெறும் 100 டாலர்கூட இருக்கும். கூடவே, வீட்டைச் சோதிச்சுப் பார்த்துப் பிடிக்கலன்னா இத்தனை நாளுக்குள் விலகிக்கலாம் என்று ஒரு ஷரத்து. பிறகு அந்த ஒப்பந்தத்தை 10,000 டாலருக்கு முதலீட்டாளரிடம் கைமாத்துவார். முதலீட்டாளர் 95,000 கொடுத்து வீட்டை வாங்கிக்குவார். நடுவில் இருந்த ஆள் பெயரில் வீடு ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? ரீலில் யாரும் சொல்லாத கேள்வி இதுதான். தன் வீட்டுக்கு 1,05,000 கொடுக்க ஆள் இருக்குன்னு அந்தப் பெரியவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நேரா அவரிடமே போயிருப்பார். வாங்குற ஆளைத் தேடிக் கண்டுபிடிச்ச உழைப்புக்கான கூலி இதுன்னு ஹோல்சேலர்கள் வாதாடுவாங்க. சில டீல்களில் அது நியாயம்தான். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டை ரெண்டு வாரத்தில் விற்றுக் கொடுப்பது சும்மா காரியம் இல்ல. ஆனா அவசரத்தில் இருக்கிறவங்களாத் தேடிப் போறதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைங்கிறதையும் மறக்கக் கூடாது. இதனாலதான் அங்கேயே சட்டங்கள் இறுக ஆரம்பிச்சிருக்கு. இல்லினாய்ஸில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிச் செய்தா லைசென்ஸ் வேணும். ஓக்லஹோமா 2021-இல் சட்டம் போட்டது. பென்சில்வேனியா 2024-இல் போட்ட சட்டத்தில் லைசென்ஸ் மட்டுமில்ல, விற்பவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையும் இருக்கு. லைசென்ஸே வேண்டாம்னு சொல்ற ரீல் பழைய ரீலா இருக்கலாம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்ம ஊரில் இது புதுசே இல்ல. ‘அக்ரிமெண்ட் போட்டு கைமாத்துறது’ன்னு எந்த புரோக்கரிடம் கேட்டாலும் சொல்லுவார். தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபர் பெயருக்கோ கிரையம் செய்து கொடுக்கிறேன் என்று ஒரு வரி கிரைய ஒப்பந்தத்தில் பல காலமாவே எழுதப்படுது. அமெரிக்கக்காரன் சேர்த்த அதே வார்த்தை! ஆனா சுற்றி இருக்கிற சிஸ்டம் வேற. அதனால ரிஸ்க் விழும் இடமும் வேற.

முதல் வித்தியாசம் முன்பணம். ஊருக்கு வெளியே 5 சென்ட் மனை, உரிமையாளர் 20 லட்சம் சொல்றார்னு வைங்க. ஆயிரம் ரூபாய் டோக்கனுக்கு மூணு மாசம் அவர் காத்திருக்க மாட்டார். ரெண்டு லட்சமாவது அட்வான்ஸ் கேட்பார். கெடுவுக்குள் 23 லட்சத்துக்கு ஆள் கிடைச்சா மூணு லட்சம் லாபம். கிடைக்கலன்னா ரெண்டு லட்சம் திரும்பி வர்றது அவர் மனசையும் ஒப்பந்த வாசகத்தையும் பொறுத்தது. வீட்டைப் பார்த்துப் பிடிக்கலன்னு விலகுற ஷரத்தெல்லாம் இங்க எழுதும் பழக்கம் இல்ல. ஆக, ‘பணமே போடாம’ என்ற பாதி இங்க வரும்போதே உதிர்ந்துடுது.

அப்போ நாமே கிரையம் பண்ணி வாங்கி, பிறகு விற்கலாமே? பண்ணலாம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 7 பிளஸ் 2. இருபது லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். நீங்க விற்கும்போது அடுத்தவரும் அதே 9 சதவீதம் கட்டணும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த மாதிரி வரி ஒரு சதவீதத்துக்கும் கீழே. சீக்கிரம் வாங்கி சீக்கிரம் விற்கும் கணக்கு இங்க இடிக்கிறதுக்கு இதுவே போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாத் தெரிவது விலை. மேலே போட்ட 70 சதவீதக் கணக்கு முழுக்க ‘கடைசி விற்பனை விலை’ என்ற ஒரே எண் மேல நிக்குது. அங்க பல மாநிலங்களில் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு பதிவுகளிலேயே பார்க்க முடியும். இங்க பத்திரத்தில் எழுதும் தொகை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் இருக்கும். நிஜ விலை பேச்சில் மட்டும் இருக்கும், மீதி ரொக்கத்தில் போகும். பக்கத்து மனை சென்ட் ஆறு லட்சத்துக்குப் போச்சுன்னு டீக்கடையில் சொல்றாங்களே, அதுதான் உங்க டேட்டா. இன்புட்டே சந்தேகம்னா அவுட்புட்டை எப்படி நம்புறது? அந்த ரொக்கத்தில் நீங்களும் கை வெச்சா, நில விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கு. வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட முடியும்.

அடுத்தது உரிமை. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு பண்ணும். ஆனா இந்த நிலம் இவருக்குத்தான் சொந்தம்னு அரசு கேரண்டி கொடுக்கிறதில்ல. வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கலாம், ஆனாலும் கல்யாணமாகிப் போன அக்கா ஒருத்தரின் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். பதிவு பண்ணாத உயிலோ நிலுவையில் இருக்கும் வழக்கோ அதில் தெரியாமல் போகலாம். உங்களை நம்பி 23 லட்சம் போட்டவர் நாளைக்கு யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்னு யோசிச்சுப் பாருங்க.

‘பவர் வாங்கிட்டா போதும் தம்பி’ன்னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. பவர் பத்திரமும் அக்ரிமெண்டும் மட்டும் வெச்சு நிலத்தின் உரிமை மாறாதுன்னு 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. தமிழ்நாட்டில் 2012 சட்டத்திருத்தப்படி கிரைய ஒப்பந்தத்தையே பதிவு பண்ணியாகணும். 20 ரூபாய் பத்திரத்தில் டைப் அடிச்சுக் கையெழுத்து போட்டதை வெச்சு வியாபாரம் பண்ண நினைக்காதீங்க.

காலேஜ் பசங்களுக்குன்னே இன்னொரு வழியும் வருது. பிளாட் போடும் கம்பெனிகள் சண்டே சைட் விசிட்டுக்கு ஆள் கூட்டிட்டு வரச் சொல்லி, விற்றா கமிஷன் தருவாங்க. வேலை தப்பில்ல. ஆனா ரெரா பதிவு பெற்ற திட்டத்தில் ஏஜென்டா இருக்க நீங்களும் ரெராவில் பதிவு பண்ணியிருக்கணும். இல்லன்னா நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்னு 2016 சட்டம் சொல்லுது. திட்டத்துக்கே ரெரா நம்பர் இல்லன்னா இன்னும் மோசம். நீங்க முதலில் கூட்டிட்டுப் போகப் போறது மாமா, சித்தப்பா, அப்பாவின் ஆபீஸ் நண்பர் இவங்களைத்தான். கமிஷன் உங்களுக்கு ஒரு தடவை. அவங்களுக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

சும்மா முதலீடு மட்டும் போதும்னா ரீட் இருக்கு. 2019-இல் எம்பஸி முதலில் லிஸ்ட் ஆச்சு. 2021-க்குப் பிறகு ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், விலை சில நூறு ரூபாய். வடபழனி விஜயா மால் இருக்கே, அது நெக்சஸ் என்ற ரீட்டின் கையில் இருக்கு. வாடகையில் இருந்து பங்கு வரும், ஷேர் மாதிரியே விலை இறங்கவும் செய்யும். வேகமாப் பணக்காரன் ஆக முடியாது.

தொழிலாவே கத்துக்கணும்னா கோர்ஸுக்கு முன்னாடி இலவசமா ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்டுப் பத்திரத்தை எடுங்க. சர்வே நம்பரைப் பார்த்து டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் போடுங்க, அரசு இ-சேவை தளத்தில் பட்டா பாருங்க, வழிகாட்டி மதிப்பையும் குறிச்சுக்குங்க. பத்திரத்தில் இருக்கிற பரப்பும் பட்டாவில் இருக்கிற பரப்பும் ஒண்ணா இருக்கா? பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கா? வீட்டு லோன் முடிஞ்சு பல வருஷம் ஆகியும் வில்லங்கத்தில் பேங்க் அடமானம் மட்டும் நிக்குது, அதை முடிச்ச ரசீது கண்ணில் படலன்னா, அந்த ரசீதை யாரும் பதிவு பண்ணாம விட்டிருக்கலாம். பேங்கில் கேட்டு வாங்கி இந்த லீவிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு பண்ணிடுங்க.