பழைய காரும் புதுப் பூச்சும்

மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள்: காளையின் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், அப்புறந்தான் துண்டுக்கடியில் விரல்கள் பேசத் தொடங்கும். சென்ற கோடையில் இங்கிலாந்து போயிருந்தபோது, இந்தச் சந்தைப் புத்தி நமக்கு எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் பர்மிங்ஹாமில் என்ஜினீயராக இருக்கிறார். எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின்மீது அவருக்கு நெடுநாள் மோகம். இரண்டு வருஷம் மிச்சம் பிடித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்களும் கூட வாருங்கள், ஸார். அதைக் கண்டால் எனக்குப் புத்தி மயங்கிவிடும்" என்றார். மயக்கத்தைக் கலைக்க உபாத்தியாயரைவிடத் தகுந்தவர் யார்!

இவ்வண்டி 1962 முதல் 1980 வரை ஐந்து லக்ஷத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. ஆகையால், அபூர்வப் பொருள் என்று சொல்லி விலையை ஏற்ற இடமில்லை. 1974-ல் அமெரிக்கச் சட்டங்களுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர்களை மாட்டி, வண்டியின் உயரத்தையும் கூட்டிவிட்டார்கள். அழகும் போயிற்று, வளைவுகளில் திரும்பும் நிதானமும் போயிற்று என்பது ரஸிகர்களின் குறை. அதற்கு முந்திய குரோம் பம்பர் வண்டிகளுக்கே இன்று கிராக்கி. ஓவர்டிரைவ் இருந்தால் விலை இன்னும் சற்று ஏறும்.

நாம் பார்க்கச் சென்றது 1972-ம் வருஷத்து வண்டி. கரும்பச்சை நிறம், கூரை திறப்பது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் 9,500 பவுன் கேட்டார். என்ஜினில் குறையில்லை. சூடேறி ஓடுகையில் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 ராத்தல் காட்டியது. மாணவரின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

ஆனால் இந்தக் காளைக்குப் பல் வேறிடத்தில் இருக்கிறது. இவ்வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடலே பாரத்தைச் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே வாசற்படிபோல் ஓடும் 'ஸில்' என்ற இரும்புப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு. அது உள்ளிருந்தே துருவேறும். துருவை வெட்டி எடுக்காமல், மேலே ஒரு புதுத் தகட்டை வைத்துப் பட்டி பூசி வர்ணமடித்து விற்பவர்கள் உண்டு. மாணவர் துணியில் சுற்றிய சிறு காந்தத்தை எடுத்தார். இடப்புறம் பற்றிக்கொண்டது, வலப்புறம் பின்கோடியில் வழுக்கி விழுந்தது. பெரியவரின் அனுமதியுடன் அந்தப் பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். அதுவரை லேசாக மூடிய கதவு இப்போது இறுகிப் பிடித்தது.

அந்நாட்டில் வருடாந்தரப் பரிசோதனைக் குறிப்புகளை, வண்டியின் எண்ணைக் கொண்டு எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2016-ல் வலப்புற ஸில்லில் துரு என்று எழுதியிருந்தது. 2017-ல் அந்தக் குறிப்பே இல்லை. 2018-லிருந்து, 40 வயது கடந்து பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்கு அப்பரிசோதனை கட்டாயமில்லை. பெரியவர் வாங்கியது 2019-ல்.

"நான் இதையெல்லாம் பார்க்கவில்லையே!" என்றார் அவர். அவர் பொய் சொன்னதாக நமக்குத் தோன்றவில்லை. யாரோ செய்த மோசத்தின் நஷ்டத்தை இவர் ஏன் சுமக்கவேண்டும் என்று மனம் இளகியது. பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பணம் நம்முடையதல்லவே, விழுங்கிவிட்டோம்.

மாணவர் முன்கூட்டியே ஒரு வெல்டிங் பட்டறையில் விசாரித்திருந்தார்: ஒரு பக்கத்து ஸில்லை முறையாக மாற்றி வர்ணமடிக்க ஏறக்குறைய 1,800 பவுன். அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழ்திக் காட்டி, "7,400 தருகிறேன்" என்றார். வண்டியை இகழ்ந்து ஒரு சொல் சொல்லவில்லை. பெரியவர் 9,000-க்கு இறங்கி நின்றுவிட்டார். நன்றி கூறி, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியெல்லாம் மாணவர் பேசவே இல்லை.

இரவு எட்டு மணிக்கு மணி அடித்தது. 7,700 பவுனுக்கு முடிந்தது. உபரிச் சக்கரம் ஒன்றும் பழைய பழுதுபார்ப்புப் புத்தகமும் சேர்த்து.

ஊர் திரும்பிய பின் மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. பட்டறையில் ஸில்லை வெட்டித் திறந்தபோது, உள்ளே பட்டிக்கு அண்டைகொடுத்துச் செய்தித்தாள் அடைத்திருந்ததாம். செலவு 2,150 பவுன் ஆயிற்றாம்.