மோலும் முகவையும் – 9: ஒரு குடம் தண்ணீரில் ஆறரைக் கிலோ கல்

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் போர் உண்டு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் வெள்ளையாகப் படலம் நிற்கும். குடிக்கக் கேன் தண்ணீர், புழங்க உப்புத் தண்ணீர் என்று பழகிவிட்டோம். சாயங்காலம் என்னிடம் வேதியியல் படிக்க வரும் பிள்ளைகளிடம், ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து வரச் சொல்லியிருந்தேன்.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கொண்டுவந்த தண்ணீரை முதலில் எடுத்தோம். 50 மில்லி நீர், பிஹெச் 10-ல் நிறுத்த அம்மோனியா பஃபர், நிறம் காட்ட எரியோகுரோம் பிளாக் டி இரண்டு சொட்டு. பியூரெட்டில் 0.01 மோலார் ஈடிடிஏ கரைசல். திராட்சைச் சிவப்பாக இருந்தது 22 மில்லி இறங்கியதும் நீலமானது. இனிக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் அளவில்?

அவள் வேகமாகப் போட்டாள். 22-ஐ 0.01-ஆல் பெருக்கி 0.22. கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 100, ஆக 22. இது 50 மில்லிக்கு; லிட்டருக்கு 20 மடங்கு.

"நானூத்தி நாப்பது வந்துருச்சு சார்."

"நானூத்தி நாப்பது என்னம்மா?"

"கிராம் சார்."

"உங்க வீட்டுக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"பதினஞ்சு லிட்டர் இருக்கும் சார்."

"அப்ப ஒரு குடத்துல எவ்வளவு சுண்ணாம்புக்கல்?"

பெருக்கிப் பார்த்தாள். 6,600 கிராம். ஒரு குடம் தண்ணீருக்குள் ஆறரைக் கிலோவுக்கு மேல் கல்! கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எதையும் திருத்தவில்லை. அவளே நோட்டை இழுத்து, 22 மில்லியை லிட்டராக்க மறந்ததைக் கண்டுபிடித்தாள். 0.022 லிட்டரில் 0.00022 மோல், எடை 0.022 கிராம், அதாவது 22 மில்லிகிராம். லிட்டருக்கு 440 மில்லிகிராம். குடத்துக்கு ஆறரைக் கிலோ அல்ல, ஆறரை கிராம் சொச்சம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அவள் வீட்டுத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பாத்திரத்தில் வெள்ளை பூப்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

வேதியியல் கணக்கில் தோற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வேதியியலும் தெரியும், பெருக்கல் வகுத்தலும் தெரியும் என்பதை இத்தனை வருடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எண்ணுக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. 440 என்று எழுதும்போது கண் முன்னால் குடம் வர வேண்டும். வந்துவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை தானாகவே பிடிபடும்.

அன்றைக்கே இன்னொரு பையன் கேட்டான்: "ஈடிடிஏவுக்குச் சமான எடை என்ன சார்?" அவன் மேல் தப்பில்லை. நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் பருமனறி பகுப்பாய்வு என்றாலே வி1 என்1 = வி2 என்2 தான். ஆக்சாலிக் அமிலம் 63, ஃபெரஸ் சல்பேட் 278, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் 392, பெர்மாங்கனேட் 31.6. தமிழ்நாட்டில் அறிவியல் பிரிவில் படித்த யாரை உலுக்கினாலும் இந்த நான்கு எண்களும் உதிரும். 31.6 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் அமைதி.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158. அமிலக் கரைசலில் அதிலுள்ள மாங்கனீசு +7-லிருந்து +2-க்கு இறங்குகிறது, அதற்கு ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. 158-ஐ 5-ஆல் வகுத்தால் 31.6. அமிலம் ஊற்றாமல் நடுநிலைக் கரைசலில் அதே வினையைச் செய்தால் மாங்கனீசு +4-லேயே நின்றுவிடும், எலக்ட்ரான் மூன்றுதான். சமான எடை 52.67 ஆகிவிடும். ஆக, 31.6 அந்த ஊதா உப்பின் குணம் அல்ல, அது ஈடுபடும் வினையின் குணம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். ஈடிடிஏவோ ஒரு கால்சியம் அயனிக்கு ஒன்று, ஒரு மெக்னீசியம் அயனிக்கு ஒன்று என்று சேர்கிறது. மோலுக்கு மோல். சமான எடை என்ற பேச்சே அங்கே தேவையில்லை.

இயற்பு வேதியியலுக்கு வந்தால் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். சுண்ணாம்புக் கல்லையே எடுத்துக்கொள்வோம். பழங்காநத்தம் தாண்டி பைபாஸ் ரோட்டில் போனால் காளவாசல் சிக்னல் வரும். காளவாசல் என்றால் சூளை. சூளையில் சுண்ணாம்புக் கல் எந்த வெப்பநிலையில் நீற ஆரம்பிக்கும் என்பது ஒரு கணக்கு. கல் உடைந்து சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் ஆவதற்கு எந்தால்பி மாற்றம் மோலுக்குச் சுமார் 178 கிலோஜூல். என்ட்ரோபி மாற்றம் மோலுக்கு, கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல். கட்டிலா ஆற்றல் மாற்றம் பூஜ்யமாகும் வெப்பநிலை வேண்டும் என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

அப்படியே வகுத்தால் 1.11 கெல்வின். வகுப்பில் பாதிப் பேர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். நீட் தேர்வில் இந்த 1.11-ம் நான்கு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் 1.11 கெல்வின் என்பது கிட்டத்தட்ட மைனஸ் 272 டிகிரி. அந்தக் குளிரிலேயே கல் நீற ஆரம்பிக்கும் என்றால், மதுரை வெயிலில் என்ன ஆகும்? திருமலை நாயக்கர் 1636-ல் எழுப்பிய மகாலின் தூண்களிலும் வளைவுகளிலும் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. பூசிய சாந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகியிருக்கிறது. 1.11 சரியான விடை என்றால் அந்தப் பூச்சு இத்தனை சித்திரை வெயிலைத் தாங்கி நின்றிருக்காது. மகால் நிற்கிறது, ஆகவே விடை தப்பு.

தப்பு எங்கே? அட்டவணைகளில் எந்தால்பியைக் கிலோஜூலிலும் என்ட்ரோபியை ஜூலிலும் அச்சிடுவது வழக்கம். 178 கிலோஜூலை 1,78,000 ஜூலாக்கி 160-ஆல் வகுத்தால் சுமார் 1,112 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ் வாக்கில். இரண்டு மாற்றங்களும் வெப்பநிலையோடு மாறாது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. ஆனாலும் சுண்ணாம்புச் சூளைகள் 900 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் எரிக்கப்படுவதோடு இந்த விடை நன்றாகவே பொருந்துகிறது.

ஒவ்வொரு எண்ணோடும் அதன் அலகைக் கடைசி வரி வரை இழுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று ஓடும் தேர்வில் அதற்கு நேரம் ஏது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அலகை எழுத நாலு வினாடி ஆகும். எழுதாமல் விட்டுத் தப்பைத் தேடுவதற்கு ஒரு நிமிடமும் போதாது.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடமே வேதிக் கணக்கீடுகள்தான். அந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் கரும்பலகையில் சூத்திரம் எதையும் எழுதாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரோ, ஒரு துண்டுச் சுண்ணாம்போ மேசையில் வைத்து, இதில் எவ்வளவு இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பிஹெச் கணக்குகளுக்குப் போகிறோம். மடக்கை அட்டவணையோ கால்குலேட்டரோ தேவைப்படாது. லாக் 2-க்கு 0.3010, லாக் 3-க்கு 0.4771, இந்த இரண்டை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.