கேடயம் யாருக்கு?

“சங்கப் பொறுப்பேற்றால் வழக்கு வரும், வீடு வாசல் போகும்” என்று அஞ்சும் தோழர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறும் உண்டு.

1918-ல் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். தலைவர் பி. பி. வாடியா, துணைத் தலைவர்களுள் ஒருவர் திரு. வி. க. 1920-ல் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு. தொழிலாளரைத் தூண்டினார்களென்று தலைவர்கள் மீதே வழக்குத் தொடுத்தது பின்னி நிர்வாகம். உயர்நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது.

வாடியா விலகினார்; கேள்வி விலகவில்லை! 1921-ல் மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறில் வேலை நிறுத்தத்துக்கு அழைத்தார் என்பதற்காக மட்டும், பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி மீது உரிமையியல் வழக்கு நில்லாது என்றது அது. 2020-ம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் காப்பு இருக்கிறது.

ஆனால் தோழர்களே, கேடயம் போராடுகிறவனுக்கே. சந்தாப் பணத்தைச் சொந்தப் பணமாக்குகிறவனுக்கு அல்ல! அங்கே கூண்டில் ஏறுவது சங்கமன்று, அவன்தான். பதிவில்லாத சங்கத்துக்கோ அந்தக் கேடயமே இல்லை.

ஆகவே பதிவு செய்யுங்கள், ரசீது கொடுங்கள், கணக்கைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுங்கள். பிறகு துணிந்து பொறுப்பேற்கலாம்!