வயதுக்கேற்ப மாறும் ஆற்றல் புரதங்கள்

தசை சுருங்கும்போது செலவாகும் ஏ.டி.பி. மூலக்கூறை 1929-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து தசையிலிருந்து பிரித்தெடுத்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டறிந்தார். அந்த ஏ.டி.பி.யின் பெரும்பங்கை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா, கருவிலிருந்து முதுமைவரை ஒரே மாதிரி இயங்குவதாகப் பலர் நினைக்கிறோம். ஆனால் உடல் வளர வளர அதன் புரதங்களும் மாறுகின்றன. ஆர்.கே.பேட்டை விசைத்தறியில் துணியின் ரகம் மாறினால் அச்சும் விழுதும் மாறும், சட்டம் அப்படியே இருக்கும், இங்கும் அப்படித்தான். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியில் 14 துணையலகுகள், அதாவது புரதப் பகுதிகள், உண்டு. மைய வேலை செய்யும் மூன்றுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வே குறிப்பு தருகிறது. சுற்றியுள்ளவற்றில் சில, கருவில் ‘கல்லீரல் வகை’யாக இருந்து, பிறப்பையொட்டி இதயத்திலும் தசையிலும் ‘இதய வகை’க்கு இடம் விடுகின்றன. மூளையில் பெரும்பாலும் பழைய வகையே நீடிக்கிறது. அங்கே மாற்றம் வேறு இடத்தில்: நரம்பு முன்னோடிச் செல்கள் சர்க்கரையை ஆக்சிஜனின்றி உடைக்கும் வழியையே பெரிதும் நம்பியிருக்கும், நரம்பணுவாக முதிரும்போது அதற்கான நொதிகள் சிலவற்றை அணைத்துவிடும். ஆய்வகத்தில் அவற்றை அணையவிடாமல் வைத்தபோது நரம்பணுக்கள் மடிந்தன.

மைட்டோகாண்ட்ரியா நோய்களில் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் போதாதா, வயதை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 14674-ஆம் இடத்தில் நேரும் ஒரு பிழையே இதற்கு விடை. 2009-இல் அடையாளம் காணப்பட்ட இது தாய்வழி வருவது. பிறந்த சில வாரங்களில் குழந்தை துவண்டுபோகும். செயற்கைச் சுவாசம்கூடத் தேவைப்படும். தாக்குப்பிடித்த குழந்தைகள் பலர் சில மாதங்களில் தாமாகவே தேறத் தொடங்குகிறார்கள். அதே பிழை உடலெங்கும் இருந்தும் தாய்மார் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள். துணையலகு மாற்றமே இந்த மீட்சிக்குக் காரணம் என்று முதலில் கருதினார்கள். பிழை இருப்பதோ புரதம் கட்ட உதவும் ஆர்.என்.ஏ. ஒன்றின் மரபணுவில், எனவே துணையலகு மாற்றம் மட்டும் முழு விளக்கமாகாது. ஆயினும் மரபணு மாறாமலே குழந்தை தேறுகிறது என்பதால், வளர்ச்சிப் பருவத்துக்குப் பங்கு உண்டு என்பது உறுதி.

பெரும்பாலான மைட்டோகாண்ட்ரியா நோய்கள் இப்படி மீள்வதில்லை. வீண் நம்பிக்கை ஊட்டுவது கொடுமை. அதனால்தான் மீளும் வகையைப் பிரித்தறியும் சோதனை முக்கியமாகிறது. துவண்ட பச்சிளங்குழந்தையின் தசைச் சோதனை முடிவை அதன் வயதோடு சேர்த்துப் படியுங்கள். 14674-ஐப் பார்க்காமல் சுவாச உதவியை நிறுத்தும் பேச்சை எடுக்காதீர்கள்.