பல அட்டவணைகள், ஒரே படிவம்

கிள்ளானில் வாழும் மூன்று மாணவரின் தந்தை பிரிக்பீல்ட்சுக்குக் குடிபெயர்கிறார் எனக் கொள்வோம். எல்லா விவரமும் ஒரே அட்டவணையில் இருப்பின், முகவரியை மூன்று இடங்களில் திருத்த வேண்டும். ஒன்று விடுபடினும் பிழை. ஆகவே கணினியில் பெற்றோர், மாணவர், மதிப்பெண் எனத் தனித்தனி அட்டவணைகள் வைப்பர். இம்முறைக்கு 1970-இல் அடிகோலியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்னும் அறிஞர்.

பிரித்தவற்றை ஒரே படிவத்தில் காட்டுவது எங்ஙனம்? மாணவர் அட்டவணையில் தந்தையின் முகவரி இராது. அவருடைய அடையாள எண் மட்டும் இருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு பெற்றோர் அட்டவணையிலுள்ள முகவரியைப் படிவம் எடுத்துக் காட்டும். மாணவரின் எண்ணைக் கொண்டு அவர்தம் மதிப்பெண்களைக் கீழே வரிசையாக நிறுத்தும்.

பெயரைக் கொண்டே இணைக்கலாகாதா? இலட்சுமி என்னும் பெயரை ரோமன் எழுத்தில் பலர் பலவாறு எழுதுவர். கணினிக்கோ ஓரெழுத்து மாறினும் வேறு ஆள். மலேசியாவில் 1990 முதல் வழங்கும் 12 இலக்க எண் இக்குறையைப் போக்குகிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். ஈற்றிலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண்.

பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு இவ்வெண் இராது. எண் இல்லையேல் எந்த அட்டவணையும் அப்பிள்ளையை அறியாது. படிவம் வெறுமையாகவே நிற்கும். தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதியும் தவணை 60 நாள். பெற்றோர் அதனைத் தவறவிடலாகாது.