எச்சில் வடிக்கும் மாட்டின் வாயில் கை விடலாமா?

மாடு தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு போலத் தொங்குகிறது. தண்ணீர் காட்டினால் விழுங்க முடியாமல் தவிக்கிறது. தொண்டையில் மாங்கொட்டையோ பனங்கொட்டையோ அடைத்திருக்கும் என்று எண்ணி, வாய்க்குள் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பது கிராமங்களில் வழக்கமாக உள்ளது. பல சமயங்களில் அது அடைப்பாகவே இருக்கும். கோமாரியாகவும் இருக்கலாம். ஆனால் சில சமயங்களில் அது வெறிநோயாக இருந்துவிடுகிறது. அப்போது மாட்டைக் காப்பாற்றப் போனவரின் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ் நோய்கள் பல உண்டு. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டக் காடுகளில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், உண்ணிகள் மூலம் பரவுகிறது. 2018-ல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் பல உயிர்களைப் பலிகொண்ட நிபா வைரஸ், பழந்தின்னி வெளவால்களிடம் வாழ்வது. இவையெல்லாம் எப்போதோ, எங்கோ சில இடங்களில் தலைகாட்டுபவை. விவசாயியின் தொழுவத்துக்கும் களத்துக்கும் மிக அருகில் எப்போதும் இருப்பது, ‘ரேபிஸ்’ என்னும் வெறிநோயே. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பகுதியினர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் கிராமத்து ஏழைகள். பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள்.

நோய் பரவும் விதம்

வெறிநோய்க் கிருமி, நோயுற்ற விலங்கின் எச்சிலில் உள்ளது. கடிபட்ட புண் வழியாக அது உடலுக்குள் நுழைகிறது. முதலில் தசையில் தங்கிப் பெருகிப் பிறகு நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. மூளையை அடைந்ததும் அங்கிருந்து எச்சில் சுரப்பிகளுக்கு இறங்கி வருகிறது. ஒரு பக்கம் விலங்குக்கு வெறி ஏறிக் கண்டதையெல்லாம் கடிக்கிறது. மறுபக்கம் தொண்டை செயலிழந்து, விழுங்க முடியாத எச்சில் வாயில் தேங்கி வழிகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, கிருமி அடுத்த உடலுக்குப் போக வழி செய்துவிடுகின்றன.

மனிதரில் கடிபட்ட நாளிலிருந்து நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். முகத்திலோ கழுத்திலோ கடிபட்டால் மூளைக்குத் தூரம் குறைவு என்பதால் விரைவில் வரும். சிலருக்கு ஓர் ஆண்டு கழித்தும் வருவதுண்டு. தண்ணீரைக் குடிக்க முயன்றாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கிருமி நரம்பில் ஏறுமுன் உள்ள அந்த இடைவெளியே மனிதருக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம்.

மாட்டில் காணும் அறிகுறிகள்

மேய்ச்சலுக்குப் போன மாட்டை நாய் கடித்ததை யாரும் பார்க்காமல் இருக்கலாம். காயம் ஆறிப் பல வாரங்கள் கழிந்த பின் நோய் வெளிப்படும். தீனி குறைதல், பால் திடீரென வற்றுதல், குரல் கம்மி இடைவிடாமல் கத்துதல், காரணமின்றி முட்ட வருதல், அடிக்கடி முக்குதல், பின்னங்கால்கள் தள்ளாடுதல், எச்சில் வடிதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். எல்லா மாடுகளும் வெறி கொள்வதில்லை. சில மாடுகள் சோர்ந்து, வாய் தொங்கி, ஊமைபோல் நிற்கும். இவையே அதிக ஆபத்தானவை. இவற்றைப் பார்த்துத்தான் தொண்டை அடைப்பு என்று ஏமாந்து போகிறார்கள். ஆடுகளுக்கும் இதே கதிதான். அறிகுறி கண்டபின் சிகிச்சை கிடையாது. சில நாட்களில் விலங்கு இறந்துவிடும்.

மாடு நாயைப் போல் கடித்து நோயைப் பரப்புவது அபூர்வம். பராமரிப்பவரின் கையே பெரும்பாலும் வழியாகிறது. அரிவாள் வெட்டு, வைக்கோல் கிழித்த சிராய்ப்பு, நகச்சுற்று போன்ற புண்களில் எச்சில் பட்டாலோ, கண்ணிலோ வாயிலோ தெறித்தாலோ தொற்று ஏற்படலாம். புண்ணில்லாத தோல்மீது பட்டால் நோய் தொற்றாது. ஆனால் உழைக்கும் கையில் புண் இல்லை என்று உறுதியாகச் சொல்வது கடினம். எனவே காரணம் தெரியாமல் எச்சில் வடிக்கும் எந்த மாட்டின் வாயிலும் வெறுங்கையை விடக்கூடாது. கால்நடை மருத்துவரே கையுறை அணிந்து பார்க்கவேண்டும்.

பாலைப் பற்றிய அச்சம்

வெறிநோய் கண்ட மாட்டின் பாலைக் குடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, ஊரே திரண்டு மருத்துவமனைக்கு ஓடுவதுண்டு. கொதிக்கும் சூட்டில் இக்கிருமி அழிந்துவிடும். ஆகவே நன்றாகக் காய்ச்சிய பாலைக் குடித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பச்சைப் பால் குடித்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஆலோசனை பெறவேண்டும். நோய் சந்தேகம் எழுந்த பின் அந்த மாட்டின் பாலைக் கறக்கவோ விற்கவோ கூடாது.

சோப்பும் தண்ணீரும் முதல் மருந்து

நாய், பூனை, கீரி, நரி எது கடித்தாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், முதல் வேலை கழுவுவதே. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பம்புசெட்டுத் தண்ணீரும் துணி துவைக்கும் சோப்பும் போதும். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதையும் புண்ணில் அப்பக்கூடாது. புண்ணை இறுக்கிக் கட்டவும் கூடாது.

பின்னர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகவேண்டும். “தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி” என்ற பழைய பயம் இன்னும் சிலரைத் தடுக்கிறது. அது ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்தியாவில் அது கைவிடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 1885-ல் பிரான்சில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்ட தடுப்பூசி இன்று வெகுவாக முன்னேறியுள்ளது. 1907-ல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் நம் மாநிலத்திலேயே இந்நோய்க்கான தடுப்பு மருந்துப் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது.

இன்று ஊசி கையில்தான் போடப்படுகிறது. தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிட்டு 3, 7, 28-ஆம் நாட்களில் அடுத்த ஊசிகளைப் போடுகிறார்கள். இரத்தம் வரும் ஆழமான கடியானால், புண்ணைச் சுற்றியே வேறொரு மருந்தும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும்வரை இம்மருந்து காக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதே. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. புண் ஆறிவிட்டது, வேலைக்கு ஆளில்லை என்று நடுவில் நிறுத்துவதும் ஆபத்து.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

மாட்டையோ ஆட்டையோ நாய் கடித்ததைக் கண்டால் அதன் புண்ணையும் இதேபோல் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கடிபட்ட கால்நடைகளுக்கும் தொடர் ஊசி உண்டு. கழுவுபவர் கையில் பாலித்தீன் பையையாவது மாட்டிக்கொள்வது அவசியம்.

நோய்க்குறி தோன்றிய மாட்டைத் தனியே, வலுவான கயிற்றில் கட்டவேண்டும். சிறுவர்களை அருகில் விடக்கூடாது. அதன் எச்சில் பட்டவர்கள் யார் யார் என்று விசாரித்து, அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பால் கறந்தவர், மருந்து புகட்டியவர், உதவிக்கு வந்த அண்டை வீட்டார் யாரையும் விட்டுவிடக் கூடாது. செத்த மாட்டைத் தோல் உரிக்காமல், இறைச்சிக்கு விற்காமல், ஆழமான குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

நாயிடம் தடுத்தால் எல்லாரும் பிழைக்கலாம்

மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களிடமிருந்தே வருகிறது. ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். நாய்களை அடித்துக் கொல்வதால் இது நடவாது. ஒழிந்த இடத்துக்கு வேற்றூர் நாய்கள் வந்து சேரும்.

தோட்டத்துக் காவல் நாய்க்கு மூன்று மாதக் குட்டியிலேயே முதல் ஊசி போட்டு, பின் ஆண்டுதோறும் தொடர வேண்டும். செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் தினம். அதையொட்டி நடைபெறும் கால்நடைத் துறை முகாம்களுக்கு ஊரார் கூடித் தங்கள் நாய்களைக் கொண்டுபோகலாம். கறவை மாடு ஒன்று இறந்தால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால், நாய்க்குப் போடும் ஊசியின் செலவு மிகச் சொற்பமே. கறப்பவரின் உயிருக்கோ விலையே கிடையாது.